தூணுக்குப் பின்னால் ஒரு வாங்கு

நேற்று எங்கள் ரியூசன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தாள். வெள்ளவத்தையில் நாங்கள் ஏ.எல். படித்த அந்த மாடி வகுப்பு. அரைவட்டமாய்ப் போட்ட, ஐந்தாறு பேர் அமர்கிற நீள வாங்குகள், நடுவில் பௌதிகவியல் மாஸ்டர் ஏறி நிற்கிற பலகை மேடை. கீழே எழுதியிருந்தாள்: "ஒளிக்க ஒரு மூலை விடாமல் இதைக் கட்டின மனுசனைக் கண்டா ரெண்டு கேள்வி கேக்கவேணும். ரெண்டு வருசம் ஒரு குட்டி நித்திரை கொள்ள ஏலாமப் போச்சு." எல்லாரும் சிரித்திருந்தீர்கள். நானும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டேன்.

போட்டது பொய்ச் சிரிப்பு. அந்த மனுசன் என் அப்பா.

இருபத்தைந்து வயதில் நினைவுக் குறிப்பு எழுத வெளிக்கிட்டிட்டாளோ என்று நக்கலடிக்கப் போகிறவர்கள் இப்போதே அடித்து முடியுங்கள். எனக்குள் கன காலமாய் ஒரு விஷயம் சிக்குப்பட்டுக் கிடக்கிறது. முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் சிக்கு அவிழுமோ என்று பார்க்கிறேன். அவிழாவிட்டால் நீங்களாவது சொல்லுங்கள்.

எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கடைகளின் உட்புற அமைப்புக்கு வரைபடம் கீறுகிற வேலை. காலி வீதியில் இரண்டு புடவைக்கடை, ஒரு சலூன், பிறகு நீங்கள் திட்டுகிற அந்த வகுப்பு. அப்பா யாழ்ப்பாணத்துச் சைவம். அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கம். எங்கள் பிளாட்டின் சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே ஊதுபத்தி.

ஞாயிறு காலமை மூன்று பேரும் பஸ் எடுத்து, புறக்கோட்டையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அம்மாவின் கோயிலுக்குப் போவோம். கோயில் என்றுதான் அம்மா சொல்லுவார், சேர்ச் என்று அல்ல. உள்ளே நடப்பது பூசை. அப்பா உள்ளே வரமாட்டார். எதிரே தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து பிளேன்ரீயும் பேப்பருமாய்ப் பூசை முடியும்வரை காத்திருப்பார். "உங்கட இடத்துக்குள்ள நான் ஏன் குறுக்க?" என்பார். மரியாதைக்குத்தான் அப்படி.

உள்ளே போக முன்னம் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கடமை இருந்தது. கோயிலுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பேக்கரி. அதில் அம்மா ஒரு கிம்புலா பணிஸ் வாங்குவார். முதலை மாதிரி நீட்டாய், மேலே சீனி ஒட்டின பணிஸ். பாதி எனக்கு, பாதி அவருக்கு. வீட்டில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இது கட்டாயம். மணி அடிக்கத் தொடங்கினாலும் அம்மா நின்று மென்று, விழுங்கி, உதட்டுச் சீனியைத் துடைத்துத்தான் படியேறுவார். பணிஸ் சாப்பிடுவதும் அந்தச் சமயத்தின் ஒரு சடங்கு என்றே நான் நினைத்திருந்தேன்.

பிறகு கடைசி வாங்கு. வலப்பக்கம், பெரிய தூணுக்குப் பின்னால்.

அந்தத் தூணை எனக்கு ஒரு மனிசரைப் போலத் தெரியும். இரண்டு பேர் கட்டிப்பிடித்தால்தான் கை எட்டும். நீல எண்ணெய்ப் பெயின்ற். நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை, அதற்குள்ளே பால்நிறம். கன்னத்தை வைத்தால் குளிர்மை. வாங்கில் அமர்ந்தால் பீடத்தில் ஒரு மெழுகுதிரியும் ஃபாதரின் இடக்கையும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் சத்தம்தான்: காற்றாடியின் கறகறப்பு, துறைமுகத்துக் கப்பலின் ஊதல், மணி. வாசகம் வாசிக்கிற ஒரு ஆண்குரல்.

"அது உன்ர மாமா" என்று அம்மா ஒருநாள் சொன்னார். அம்மாவின் சொந்த அண்ணன். அம்மாவின் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தினவர். மாமாவை எனக்குக் குரலாகத்தான் தெரியும்.

பூசையில் ஒரு கட்டம் வரும். எல்லாரும் எழும்பி வரிசையாய்ப் போய் ஃபாதரிடம் அப்பம் வாங்குவார்கள். நன்மை எடுப்பது என்று அதற்குப் பெயர். நாங்கள் மட்டும் போகமாட்டோம். அம்மா தூணுக்குப் பின்னால் முழந்தாளில் நின்று முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்.

"நாங்க ஏன் போறேல்ல?"

"நாங்க பணிஸ் சாப்பிட்டிட்டோமே. நன்மை எடுக்க ஒரு மணித்தியாலம் வெறுவயிறா இருக்கணும்."

இதைவிடக் குழப்பமான பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை. அப்படியென்றால் பணிஸை பூசை முடிந்து சாப்பிடலாமே? ஒரு ஞாயிறு வாயை இறுக்கி மூடிக்கொண்டு எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா என் பாதியையும் தானே சாப்பிட்டார்.

அந்த வருசம் கோயில் வாங்குகளைக் கறையான் தின்றுவிட்டது. ஒரு நாள் பூசையில் நாலாம் வரிசை முறிந்து ஆட்களோடு சேர்ந்து நிலத்தில் இருந்துவிட்டதாம். யாருக்கும் காயமில்லை. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே புதிதாய் அமைப்பது என்று முடிவானது. அப்போதுதான் வந்திருந்த இளம் ஃபாதரின் அக்கா மகள் வெள்ளவத்தையில் அந்த ரியூசனுக்குப் போனாள். அவளைக் கூட்டிப் போக வந்தவர் அப்பாவின் வகுப்பைப் பார்த்துவிட்டார். ஒரு பின்னேரம் எங்கள் பிளாட்டுக்கே வந்தார்.

"எந்த வாங்கில இருந்தாலும் மாஸ்டரின்ர முகம் தெரியுது. எனக்கு அப்பிடித்தான் வேணும். பீடத்தைச் சுத்திச் சனம். ஒருத்தரும் தூரத்தில இல்லை, ஒருத்தரும் மறைவில இல்லை."

"ஃபாதர், நான் சைவக்காரன்" என்றார் அப்பா.

"மாஸ்டருக்குக் கட்டேக்க நீங்கள் என்ன பௌதிகவியல்காரரோ?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். அவர் சிரிக்கவில்லை. சந்தோசத்தில் வாயடைத்துப் போய் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அளவெடுக்க முதன்முதலாய் உள்ளே போன அன்று அப்பா படியில் செருப்பைக் கழற்றினார். ஃபாதர், "தேவையில்லை, எல்லாரும் சப்பாத்தோடதான்" என்றார். "பழக்கம்" என்றுவிட்டு அப்பா வெறுங்காலோடு போனார். நான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு செருப்பைக் கழற்றினேன், மற்றதைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா நிலத்தை உள்ளங்காலால் தடவித் தடவி நடந்தது ஞாபகம். அம்மா முழந்தாளிட்ட இடத்தையும் அப்படித்தான் கடந்து போனார், அது எது என்று தெரியாமலே.

எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு மாதம் கோயிலாய் இருந்தது. அப்பா வெள்ளை ரெஜிஃபோம் நுரைப்பலகையில் கோயிலின் சின்ன மாதிரி ஒன்று செய்தார். ஐஸ்கிறீம் குச்சியில் வாங்குகள், ஸ்ட்ரோவில் தூண்கள், பீடத்துக்கு ஒரு வெள்ளை அழிறப்பர். நாங்கள் கட்டிலில் வைத்துச் சோறு சாப்பிட்டோம். தூண்களை எடுக்க ஏலாது, பாடகர் மேடை அவற்றின் மேல்தான் நிற்கிறது. அதனால் ஒரு வாங்குகூடத் தூணால் மறைபடாத மாதிரி அரைவட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீடத்தடியில் ஒரு கண்ணை வைத்து மற்றதைப் பொத்திக்கொண்டு பார்ப்பார். எதிரொலி போக மேற்கூரைக்குப் பலகை. "கடைசியில இருந்து ஒருத்தர் குசுகுசுத்தாலும் பீடத்துக்குக் கேக்கும், பிள்ளை."

ஆட்களை வைக்கிற வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். ஆட்கள் என்றால் நெருப்புக்குச்சிகள். வாங்கு வாங்காய் ஒட்டிவிட்டு, இரண்டை மட்டும் கொண்டுபோய்த் தூணுக்குப் பின்னால், வாங்கே இல்லாத வெறும் நிலத்தில் நிறுத்தினேன்.

"இது ஆர், அங்க விழுந்து கிடக்கிறது?"

"விழேல்லை. இது அம்மா, இது நான். நாங்க எப்பவும் இங்கதான்."

அப்பா குனிந்து பார்த்தார். பீடத்தடிக்கு வந்து ஒரு கண்ணால் பார்த்தார். திரும்பத் தூணடிக்குப் போனார்.

"இங்க இருந்தா என்ன தெரியும்?"

"ஒரு மெழுகுதிரி. ஃபாதரின்ர இந்தக் கை."

"கொம்மா ஏன் அங்க போய் இருக்கிறா?"

எனக்குத் தெரியவில்லை. "மாமா முன்னுக்கு இருக்கிறபடியாலோ தெரியேல்லை" என்றேன். பணிஸைப் பற்றிச் சொல்லவில்லை. அது இதோடு சேர்ந்ததென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு இரண்டு குச்சிகளையும் பிடுங்கி, பசை தடவி, இரண்டாம் வரிசையின் நட்ட நடுவில் ஒட்டினார். அழுத்திப் பிடித்துக் காயும்வரை கையை எடுக்கவில்லை. என்னைக் கட்டினதுக்காக என் மனுசி ஒளித்திருக்க வேண்டுமோ என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. இப்போது வாசிக்கத் தெரிகிறது. அன்றைக்குப் பசை காய்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா மாதிரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பின் வாங்கு எங்க?"

"பின் வாங்கே இல்லை!" அப்பாவின் குரலில் அத்தனை பெருமை. "எல்லா வாங்கும் முன் வாங்குதான்."

"தூணுக்குப் பின்னால?"

"பூச்சாடி."

அம்மா பூச்சாடி இருக்கப்போகிற இடத்தை விரலால் ஒருதரம் தொட்டார். "வடிவா இருக்கு" என்றார். அன்று கறியில் இரண்டுதரம் உப்புப் போட்டிருந்தார். அப்பா தட்டை வழித்துத் தின்றார்.

ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. புதுக் கோயிலின் முதற்பூசைக்கு அப்பாவும் உள்ளே வரவேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அப்பா வேட்டி கட்டினார். ஓட்டோவில் போனோம். பேக்கரியடியில் அம்மா, "கொஞ்சம் நிப்பாட்டுங்க, பசிக்குது" என்றார்.

"மணி அடிச்சிட்டுது. வந்து சாப்பிடலாம்."

"ஒரு பணிஸ் மட்டும்."

"எல்லாரும் எங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். வாரும்."

அம்மா என்னைப் பார்த்தார். எதையோ என்னிடம் கேட்கிற பார்வை. என் கையில் ஒன்றுமில்லை.

இரண்டாம் வரிசை நடுவில் எங்களுக்கென்று கடதாசி ஒட்டியிருந்தது. வார்னிஷ் மணம் ஊதுபத்தியை வென்றிருந்தது. முதல்முறை முழுப் பீடத்தையும் கண்டேன். ஃபாதருக்கு வலக்கையும் இருந்தது! ஆனால் அரைவட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. அப்பா அதை நெருப்புக்குச்சிகளில் கவனிக்கவில்லை, ஏனென்றால் குச்சிகளுக்கு முகமில்லை. அரைவட்டத்தில் இருந்தால் பீடம் மட்டுமல்ல, எதிர்ப்பக்கத்து முகங்களும் தெரியும். வாசகம் வாசித்துவிட்டு அந்தக் குரல் போய் எங்களுக்கு நேரெதிரே அமர்ந்தது. மாமா. அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. அம்மா முக்காட்டைப் பிடித்த மாதிரியே அவர் பூசைப் புத்தகத்தைப் பிடித்திருந்தார்.

நன்மை நேரம் வந்தது. எங்கள் வரிசை எழும்பியது. எங்கள் முழங்கால்களை உரசிக்கொண்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள். அப்பாவும் எழும்பினார். தீர்த்தம் வாங்கப் போகிற மாதிரி வலக்கையின் கீழ் இடக்கையை வைத்துக்கொண்டார்.

"வாருமன்."

"இருங்க" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

"ஏன்? எல்லாரும் போகினம்."

"நான் சாப்பிட்டிட்டேன்."

"எங்க சாப்பிட்டனீர்? காலமையில இருந்து பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கேல்லையே!"

அப்பா குசுகுசுத்துத்தான் சொன்னார். ஆனால் அது அவர் செய்த கூரை. பீடம் வரை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. வெறுமையாய்ப் போன வரிசையின் நடுவில், முழு வெளிச்சத்தில், அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நிலத்தைப் பார்த்தார். கோபமோ, வெட்கமோ, பாவம் என்று நினைத்தாரோ. பதினைந்து வருசமாய் அந்தக் குனிந்த தலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

அப்பா மெதுவாய்த் திரும்ப வாங்கில் இருந்தார். குவித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே மடியில் வைத்திருந்தார்.

திரும்பி வருகிற ஓட்டோ காலிமுகத்திடலுக்கு வந்தது. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்க பதிவுக் கந்தோர்ல எழுதி, உங்கட கோயில்ல தாலி கட்டினது. எங்கட கோயில் கணக்கில அது கல்யாணம் இல்ல. அப்பிடியான ஆள் நன்மை எடுக்க ஏலாது."

"பதினொரு வருசமாயோ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னா நீங்க என்ன செய்வீங்க? உங்களால எண்டு நினைப்பீங்க."

 "நான் எதிர்க்கடையில இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்குப் பணிஸ் விளங்கியது. பாதிதான் விளங்கியது. அம்மா எங்களுக்காகப் பொய் சொன்னாரா? இல்லை, பொய் ஆகிவிடக் கூடாது என்றுதானே ஒவ்வொரு ஞாயிறும் நிஜமாகவே சாப்பிட்டார்?

அந்தக் கிழமை ஃபாதர் வீட்டுக்கு வந்து, அப்பா ஒரு பேப்பரில் கையெழுத்து வைத்தால் இந்தக் கல்யாணத்தைக் கோயிலில் சரிக்கட்டலாம் என்றார். அப்பா அப்போதே சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்துவிட்டார். அம்மாதான் மறுத்தவர். "என்னைக் கட்டினதுக்கு உங்கட வீட்டாக்கள் ஆறு வருசம் உங்களோட கதைக்கல்ல. அதுக்கு மேல ஒரு கையெழுத்தும் உங்களட்ட வாங்க மாட்டேன்." ஃபாதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனையைப் பார்த்தார். இது அன்பா, வீம்பா? 

அடுத்த இரண்டு ஞாயிறும் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து உடுப்பு மடித்தார். மூன்றாவது சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மிஞ்சின பலகையில் நாங்கள் பாஸ் என்கிற சிங்களத் தச்சர் சின்ன வாங்கொன்று செய்து வைத்திருந்தார். அப்பா பூச்சாடியைத் தள்ளச் சொன்னார். பாஸ் வாங்கைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தானே இருந்து பார்த்து, சிங்களத்தில் முறைப்பட்டார்: இங்கேயிருந்தால் ஒன்றும் தெரியாதே மாத்தையா.

"ஏக்க தமய் ஓனெ" என்றார் அப்பா. அதுதான் வேணும்.

ஃபாதர் வந்து கேட்டபோது வேறு கதை சொன்னார். "அழுற குழந்தையளோட வாற தாய்மாருக்கு ஃபாதர். மறைவா இருக்கட்டும்." ஃபாதர் வாங்கையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அழுற தாய்மாரும் இருக்கலாம்தானே" என்றுவிட்டுப் போனார். ஃபாதருக்கு எவ்வளவு தெரியும், அவருக்குத் தெரியும் என்று அப்பாவுக்கு எவ்வளவு தெரியும், ஒன்றும் எனக்குத் தெரியாது. வரைபடத்தில் அந்த வாங்கு இல்லை. நான் இப்போது இதே தொழிலைப் படிக்கிறேன், அப்பாவின் படச்சுருளை விரித்துப் பார்த்துவிட்டேன். தூணுக்குப் பின்னால் பூச்சாடிதான்.

அடுத்த ஞாயிறு அம்மா போனார். அப்பாவும் உள்ளே வந்தார். வரும்போது பேக்கரியில் அப்பாதான் பணிஸ் வாங்கினார், மூன்று. அவர் சாப்பிட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் மணி அடிக்க அடிக்க நின்று, முழுவதையும் மென்று விழுங்கினார்.

படம் போட்டவளே, உன் இரண்டு வருச நித்திரைக்கு அப்பாவின் சார்பில் மன்னிப்பு. அவர் அதற்குப் பிறகு கீறின எந்த மண்டபத்திலும் ஒரு மூலை மறைந்து, கெட்டுப்போய்த்தான் இருக்கும். வாடிக்கையாளர் காட்டினால், "கவனிக்கேல்லை" என்பார்.

போன ஞாயிறு மூன்று பேரும் போனோம், கொஞ்சம் பிந்தி. தூணுக்குப் பின்னால் இடமில்லை. பொட்டு வைத்த ஒரு மலைநாட்டு அக்கா, பக்கத்தில் அவர் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை. கையைப் பிடித்தும் பிடியாமலும் ஒரு சோடி. தொப்பியை மடியில் வைத்த ஒரு துறைமுகத்து ஆள். அழுகிற குழந்தை ஒன்றுகூட இல்லை. எல்லாரும் நெருக்கி, தோளோடு தோள் ஒட்டி, தெரியாத பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைவட்டத்தில் பாதி வாங்குகள் வெறுமை.

"கோயில் முழுக்க இடம் கிடக்கு" என்று அம்மா சிணுங்கினார். "எல்லாருக்கும் இதுதான் வேணுமாம்."

அப்பா இடப்பக்கத்துத் தூணடிக்குப் போய், அங்கிருந்த பூச்சாடியைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, தூணிலிருந்து சுவர் வரை சாண் சாணாய் அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க செய்றீங்க? பூசை நடக்குது."

"ஒண்டுமில்லை" என்றார். "இங்கயும் நாலு பேர் இருக்கலாம்."